புல்தரை மஞ்சளான வாரம்

அப்புறம் கேள் விமலா, சி பிளாக் நாலாவது மாடியில் அந்த அம்மாள் தன் நாய்க்குப் பிறந்தநாள் வைத்தாளே, நாய் கேக்கை மோந்துகூடப் பார்க்கவில்லையாம். நேராக ஓடிப்போய், நம் பெண்கள் காலையில்தான் தண்ணீர் விட்டிருந்த இட்லிப்பூப் பாத்தியைத் தோண்டி, அந்தக் குழிக்குள் படுத்துக்கொண்டதாம். வந்த விருந்தாளி எல்லாரும் பாத்தியைச் சுற்றி நின்று கை தட்டிப் பாடினார்களாம். நாய்க்கு மண் எங்கே ஈரமாக இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது பார். அதற்கு யார் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள்?

சர்ட்டிபிகேட் என்றதும் உன் முகம் ஏன் சுருங்குகிறது? நேற்று நீ புலம்பியது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை முதல், தோட்ட வேலை பார்க்கிற உங்கள் நாலு பேருக்கும் அம்பத்தூரில் வகுப்பு. எட்டு நாள். அதற்கப்புறம் தேர்வு. செடிக்குத் தண்ணீர் விட எதற்குத் தேர்வு என்றுதானே புலம்பினாய்? நானும் அதையேதான் கேட்டேன், உன்னைவிடச் சத்தமாக. உட்கார். நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். பாயில் உட்கார்.

நான் அந்தப் பாரிவாக்கம் குடியிருப்பில் பதினோரு வருஷம் தோட்ட வேலை பார்த்தேன். அதில் ஏழு வருஷம் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் நூம்பலில் எங்கள் வயலில் நாற்று நட்டேன். வயல் போய்விட்டதே என்று நான் அழ மாட்டேன். குனிந்து நட்டவள் இடுப்புக்குத்தான் அந்த வயலின் கதை தெரியும். முதல் நாள் வேலைக்குப் போனபோது ஒரு குமிழைத் திருகினார்கள் விமலா, புல்தரை முழுக்கத் தண்ணீர் தானாக எழும்பிச் சுற்றியது. அப்போதுதான் வெயில் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் சுற்றுகிற இடத்தில் எல்லாம் சின்னச் சின்ன வானவில் வந்து வந்து போயிற்று. மூன்று கொக்கு அதற்குள்ளே நடந்து போயின, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நிதானமாக. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். சம்பளம் கொடுத்து இதைப் பார்க்கச் சொல்கிறார்களா என்று இருந்தது. பதினோரு வருஷமும் எனக்கு அந்த நினைப்பு போகவில்லை. காலையில் ஆறு மணிக்கு அந்தப் புல்லின் மேல் நடந்தால் நான் தூங்கி எழுந்தேனா, இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேனா என்று தெரியாது.

சூப்பர்வைசர் வேலை கொடுக்கும்போது மேனேஜர் என்னைக் கேட்டார், "எட்டாவது பாஸ்தானேம்மா?" என்று. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் எழுதிக்கொண்டார். என் பேரைக் கையெழுத்தாகப் போட எனக்குத் தெரியும். அதுவும் எழுத்தாகத் தெரியாது, கோலமாகத் தெரியும். மற்றபடி ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

ஆனால் யாருக்கும் அது தெரியாதபடி நான் நடந்தேன். ரவிக்கையில் எப்போதும் ஒரு பேனா சொருகியிருக்கும். கையில் ரிஜிஸ்டர். யாராவது எதிரே வந்தால் அதைத் திறந்து புருவத்தைச் சுருக்குவேன். எழுத வேண்டிய நேரம் வந்தால், "கண்ணாடி கொண்டாரலடீ, நீ எழுது" என்பேன். ஏழு வருஷம் நான் கண்ணாடி கொண்டு வரவே இல்லை.

மருந்து, உரம் எல்லாம் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனில் வரும். எல்லாம் ஒரே மாதிரி. படிக்கத் தெரிந்தவர்களுக்கு மேலே எழுதியிருக்கும். எனக்கு? ரவிக்கைத் துணியைக் கிழித்து கேன் கழுத்தில் கட்டிவிடுவேன். நடைபாதைக் கல் இடுக்கில் முளைக்கிற களையைச் சாகடிக்கிற மருந்துக்குச் சிவப்புத் துணி. புல்லுக்குப் போடுகிற கடல்பாசி டானிக்குக்கு மஞ்சள் துணி. என் கீழே இருந்த ஆறு பெண்களும் துணியைப் பார்த்துத்தான் ஊற்றினார்கள். "நல்லா கீதுக்கா உன் ஐடியா" என்றார்கள். இன்னொன்று, நாங்கள் ஒரு கேன் காலியானால் தூக்கிப் போட மாட்டோம். வேறு எதையாவது அதில் ஊற்றி வைத்துவிடுவோம். கேன் மேலே ஒன்று எழுதியிருக்கும், உள்ளே இன்னொன்று இருக்கும். துணிதான் எங்களுக்குக் கணக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி புதுச் சட்டம் கொண்டு வந்தது. சூப்பர்வைசராக இருக்கிற எல்லாரும் வகுப்புக்குப் போய்த் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். இல்லை என்றால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் வரும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அம்பத்தூரில் மாடியில் ஒரு பெரிய அறை. கீழே பட்டறை. கீழே மெஷின் ஓடினால் மேலே நம் நாற்காலியும் சேர்ந்து மெதுவாக நடுங்கும், குழந்தையைத் தூளியில் ஆட்டுகிற மாதிரி. விளக்கை அணைத்துச் சுவரில் படம் காட்டினார்கள். எந்த ஊர்த் தோட்டமோ, மலை மாதிரி பூ. டிரெய்னேஜ் என்றார்கள், பி.ஹெச் என்றார்கள். வார்த்தைகள் எல்லாம் தும்பி மாதிரி என் தலைக்கு மேலே பறந்தன. ஒன்றைப் பிடிப்பதற்குள் பத்து போய்விடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பாதாம் மரம். அதில் ஒரே ஒரு இலை மட்டும் சிவந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் அந்த இலையோடுதான் பாதி வகுப்பு படித்தேன்.

பாடம் எடுத்தது ஒரு சின்னப் பெண். தென்காசிப் பக்கம். செடிக்கென்றே நாலு வருஷம் காலேஜில் படித்தவள். என் பேத்தியைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். ஷூ முழுக்கச் சேறோடுதான் வகுப்புக்கு வருவாள், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் எல்லாரும் டீ குடிக்கப் போனபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க நோட்ட பாக்கலாமா?"

எல்லாரும் எழுதும்போது நானும் எழுதினேன் இல்லையா. நான் எழுதியது என்ன? இலை. புங்க இலை, அரளி இலை, வேர் அழுகினால் இலை எப்படிக் கீழ்ப்பக்கமாகச் சுருளும், பூச்சி விழுந்தால் எப்படி மேல்பக்கமாகச் சுருளும். பக்கம் பக்கமாகப் படம்.

அவள் புரட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அக்கா, தேர்வு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க அதுல டிக் போட்டா கேள்விய வாயால கேப்பாங்க, நீங்க வாயால பதில் சொல்லலாம். உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் அதுல இல்லக்கா."

"கம்பேனிக்கு தெரிஞ்சிடுமேம்மா."

"தெரியும்."

"எட்டாவது பாஸ்னு எழுதிக்கீது."

அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "ஃபாரம் கடைசி நாள்தான் குடுப்பேன். யோசிங்க" என்று போய்விட்டாள். நான் என்ன யோசிப்பது? கட்டத்தில் டிக் போடக் கூடாது, தேர்வில் எப்படியாவது சமாளிப்பது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். ஏழு வருஷம் சமாளித்தவளுக்கு ஒரு நாள் முடியாதா?

இப்போது மாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் மாறி வருவாள். என் கீழே இருந்த ஆறு பேரில் வாய் குறைவு, கை வேகம். நான் வகுப்புக்குப் போன நாளில் எல்லாம் வேலையை அவளிடம்தான் விட்டிருந்தேன். இரண்டாம் நாள் வகுப்பு நடக்கும்போது போன் பண்ணினாள். நான் நாற்காலிக்குக் கீழே குனிந்து பேசினேன்.

"அக்கா, புல்லுக்கு டானிக் அடிக்க சொன்னியே. வெயில்ல துணி ரெண்டும் வெளுத்து ஒரே மாதிரி கீது. எத்த ஊத்துறது?"

"கதவோரம் கீறதுதான்டீ."

"இல்லக்கா, அது வந்து..."

"சொன்னத செய்டீ. கிளாஸ் நடக்குது."

வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. கட் பண்ணினேன். சுவரில் பூ மலை ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிகிற சமயம், எட்டாம் நாள் காலையில், அம்பத்தூர் பஸ் பிடிப்பதற்கு முன்னால் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்க்கப் போனேன். கிளப் ஹவுஸுக்கு முன்னால் இருக்கிற பெரிய புல்தரை மேல் வெயில் விழுந்திருந்தது. என்ன அழகாகப் பொன் மாதிரி இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன் விமலா. சத்தியமாக. கிட்டே போய்க் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்தேன். நுனி மட்டும் காய்ந்திருந்தால் தண்ணீர்க் குறை. அது நுனி இல்லை. அடியிலிருந்து வெளுத்திருந்தது. தரை முழுக்க அப்படியே. எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது என்ன ஊற்றியிருக்கிறோம் என்று. கொக்குகள் அதன் மேல் நடந்துகொண்டுதான் இருந்தன, அவற்றுக்கு என்ன தெரியும்.

நாலு நாளில் அந்தப் புல்லின் மேல் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. மேனேஜர் வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டேங்கர் தண்ணி உப்பா இருந்திருக்குமா?"

நான் குனிந்து செத்த புல்லையே கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"யார் கடைசியா மருந்து அடிச்சது?"

மாரி ஒரு அடி முன்னால் வந்தாள். "நான்தான் சார்."

"எதப் பாத்து ஊத்துன? கண்ணு எங்க இருந்துச்சு? நாளையில இருந்து வராத." அவர் அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க வகுப்புக்குப் போன நேரத்துல இப்படிப் பண்ணிட்டாங்க. பச்சை சாயம் கிடைக்குமாம், ஸ்பிரே பண்ணிரலாமா? வளைகாப்பு முடியிற வரைக்கும் தாங்குமா?"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பட்டுப்புடவையில் பச்சைக் காலோடு எழுந்து நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. "வேணாம் சார்" என்றேன். போன் வந்து அவர் உள்ளே போய்விட்டார்.

சாமான் கொட்டகையில் மாரி தன் டிபன் பாக்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டீ சும்மா நின்ன? அக்காதான் சொன்னான்னு சொல்றதுதான?"

"சொன்னா, ஏன் சொன்னானு கேப்பாரு. அப்பால உனுக்கு படிக்க தெரியாதுன்னு வரும்."

நான் அப்படியே உர மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். "உனுக்கு எப்டி தெரியும்?"

"வந்த மொத வாரமே தெரியும். ரிஜிஸ்டர தலகீழா புட்ச்சிகினு என்ன திட்டின." அவள் சிரித்தாள். "நான் பத்தாவதுக்கா. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

"அப்ப கேன் மேல இன்னா எழுதிகீதுன்னு..."

"படிச்சேன். களைக்கொல்லின்னு போட்டிருந்துது. அத்த சொல்லத்தான் திரும்ப போன் பண்ணேன், நீ கட் பண்ட்ட."

"தெரிஞ்சே ஊத்தினியாடீ பாவி?"

"நாமதான் எத்த வேணா எதுல வேணா ஊத்தி வெக்கிறோமேக்கா. உள்ள டானிக்க மாத்தி ஊத்திகீறன்னு நெனச்சேன். இன்னொரு வாட்டி கேட்டா நீ இன்னா சொல்லுவ? 'பெரிய படிச்சவ வந்துட்டா'ன்னு கழிவுத்தண்ணி பிளான்ட் பின்னாடி களை புடுங்க அனுப்புவ."

அது உண்மை. என்னை எதிர்த்துக் கேட்ட இரண்டு பேரை நான் அங்கேதான் அனுப்பியிருந்தேன். அந்த நாற்றத்தில் ஒரு வாரம். அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. எல்லாரும் எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நாலு பேருக்கும் நான் சொல்ல வருவது இதுதான். எனக்குப் படிக்கத் தெரியாததால் மட்டும் அந்தப் புல் சாகவில்லை. படிக்கத் தெரிந்தவள் பக்கத்திலேயே இருந்தாள். அவள் வாயை நான் கட்டி வைத்திருந்தேன்.

கொட்டகையிலிருந்து மேனேஜர் ரூம் பத்து அடிதான். அன்றைக்கு அது ஆவடிக்கு நடந்து போகிற தூரமாக இருந்தது. போகிற வழியில் ஒரு தேன்சிட்டு செம்பருத்தியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சூப்பர்வைசராக நான் கடைசியாகப் பார்க்கிற குருவி என்று நினைத்தேன். அப்புறம் உள்ளே போய்ச் சொன்னேன்.

"சார், மாரி ஊத்தினது நான் சொல்லித்தான். எந்த கேன்னு பாக்காம சொன்னேன். எனுக்கு படிக்க தெரியாது. எட்டாவது பாஸ் பொய்."

"நானும் கேட்டிருக்கணும். தலைய ஆட்டுனீங்க, எழுதிட்டேன்" என்றார் அவர். அப்புறம், "மாரிய வரச் சொல்லுங்க வேலைக்கு. உங்க விஷயம், தேர்வு முடியட்டும். பாஸ் ஆனா இருங்க. ஆகலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். கடைசியாகத்தான் முக்கியமான கேள்விக்கு வந்தார். "வளைகாப்புக்கு என்னம்மா பண்றது?"

நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கம் இருக்கிற புங்க மரங்களைக் காட்டினேன். சித்திரை மாசம். பூ கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தரையே தெரியவில்லை, பொரியை வாரி இறைத்த மாதிரி. "இங்க போடலாம் சார் நாற்காலிய. யாரும் பெருக்காம இருந்தா போதும்." அப்படியே செய்தோம். அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்திருக்க, வளையல் சத்தத்துக்கு நடுவே பூ அவள் தலையிலும் வயிற்றிலும் விழுந்துகொண்டே இருந்தது. எல்லாரும் இதற்கென்றே ஏற்பாடு செய்ததாக நினைத்தார்கள். அந்தப் பக்கம் புல்தரையைச் சணல் பை போட்டு மூடி வைத்திருந்தோம். திரும்பப் புல் பிடிக்க ரொம்ப நாள் ஆயிற்று. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நடப்பது நல்ல தண்டனை.

நான் பாதியை விட்டுவிட்டேன் பார். அன்றைக்கு மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மத்தியானம்தான் அம்பத்தூர் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் ஃபாரத்தை நீட்டினாள். "எந்தக் கட்டம்மா?" என்றேன். விரலால் தொட்டுக் காட்டினாள். போட்டேன். அவள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

தேர்வு அடுத்த வாரம். தேர்வு நடத்த வந்தவர் வெளி ஆள். இருபது பேர் வரிசையில் நிற்கிறோம். என் முறை வந்ததும் ஒரு கேனை மேஜையில் வைத்து, "பத்து லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு கலப்பீங்க, கலந்து காட்டுங்க" என்றார். அந்த அறை எனக்குத் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. என் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"சார், எனுக்கு படிக்க வராது. மேல இன்னா போட்டிருக்குதுன்னு நீங்க படிங்க."

கூரை இடியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவர் ஃபாரத்தைப் பார்த்தார், படித்தார்.

"இன்னொரு வாட்டி, மெதுவா." படித்தார். நான் மூடியை எடுத்தேன். மறுபடி கீழே வைத்தேன். "சார், உள்ள கீறதும் அதுதானா? யாராச்சும் மாத்தி ஊத்திகீறாங்களா?"

அவர் முழித்தார். "இல்லம்மா, இது... தேர்வுக்கு வெறும் கலர் தண்ணிதான்."

"அப்ப மேல எழுதிகீறது பொய்தான சார்?"

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கலந்து காட்டினேன். அப்புறம் இலையாக நீட்டி நீட்டிக் கேட்டார். அதெல்லாம் எனக்குத் திருவிழா. நேரம் போனதே தெரியவில்லை. பாஸ். போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி சர்ட்டிபிகேட் வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மாரிதான் படித்துக் காட்டினாள். நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், கேட்க நன்றாக இருந்தது என்று.

அடுத்த வகுப்புக்கு மாரியை அனுப்பச் சொல்லி நானே மேனேஜரிடம் கேட்டேன். அவள் பாஸ் ஆகி வந்ததும் சூப்பர்வைசர் அவள். நான் அவள் கீழே கடைசி மூன்று வருஷம் வேலை பார்த்தேன். உனக்கு வருத்தமா இல்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். ரிஜிஸ்டரைத் தூக்காமல் கையை வீசிக்கொண்டு புல்லில் நடந்து பார், அப்புறம் கேள்.

அவள் சூப்பர்வைசர் ஆன முதல் வாரம், காலையில் செடிக்கெல்லாம் உரம் போடச் சொன்னாள். நான் வானத்தைப் பார்த்தேன். "தப்புடீ மாரி. சாயங்காலம் மழ வரும். அல்லாத்தையும் அடிச்சிகினு கால்வாய்க்கு போய்டும்" என்றேன். மற்ற பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அடுத்தது என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நான்தானே பழக்கியிருந்தேன். மாரி மூட்டையைக் கீழே இறக்கினாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"சொல்லுக்கா. எப்டி தெரியுது?"

மழை வந்ததா என்கிறாயா? ஒரு பொட்டு வரவில்லை! சாயங்காலம் முழுக்க வெயில் காய்ந்தது. அவள் ஒரு மாசம் என்னை ஓட்டினாள். ஆனால் மறுநாள் காலையிலும் வந்து கேட்டாள், "இன்னாக்கா, இன்னிக்கு வானம் இன்னா சொல்லுது?" என்று. தினமும் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கும்...

அடியே, உன் கையில் விழுந்தது என்ன? தூறலா? ஐயோ, மாடியில் மிளகாய் காயப் போட்டிருக்கிறேன். எழுந்திரு, அந்த முறத்தை எடு, ஓடு!